ஆடியில் பேசின வண்டி

ஏறுங்க தம்பி, ஏறுங்க. அவினாசிதானுங்களே? நான் திருப்பூர் போறேன், போற வழிதான். ஞாயித்துக்கெழம பொழுதோட இந்த நீலாம்பூர் ஸ்டாப்புல நின்னீங்கன்னா ஒரு பஸ்சும் நிக்காதுங்க, நீட்டி நீட்டிக் கைதான் வலிக்கும். அட, பின்னால எதுக்குங்க, முன்னாலயே உக்காருங்க. அந்த சீட்டு சும்மாதான் வருது. கதவ சித்த மெதுவா சாத்துங்க. ஆங், அவ்வளவுதான். பெல்ட்ட இழுத்துப் போட்டுக்குங்க.

காசெல்லாம் எடுக்காதீங்க, நான் வாடகைக்கு ஓட்டறவன் இல்லீங்க. வாராவாரம் இந்த ரோட்டுல கோயமுத்தூர் போறேன், வாரேன். போறப்ப ஒத்தையாப் போறது ஒண்ணும் தெரியறதில்ல. வர்றப்ப ஒத்தையா வர்றதுதான் ஆகறதில்லீங்க. அதனால ஸ்டாப்புல ஆராச்சும் நின்னா ஏத்திக்குவேன். போன வாரம் ஒருத்தரு ஏறுனாரு, ஏறுனதுலருந்து போன்லயே பேசிட்டு வந்தாரு, எறங்கறப்பத்தான் நிமுந்து என்ற மூஞ்சியப் பாத்தாரு. நீங்க போன எடுக்காம உக்காந்திருக்கீங்க, சந்தோசம்.

தப்பா நெனைக்காதீங்க தம்பி, உங்க சட்டையில எடது தோள்கிட்ட ஒரு தையல் விட்டிருக்குது. இன்னொருக்கா இழுபட்டா நீளத்துக்கும் பிரிஞ்சுக்கும். ஊட்டுக்குப் போனதும் ஒரு நாலு தையல் போடச் சொல்லுங்க. கோவிச்சுக்காதீங்க, கண்ணு அங்கயே போயிருது. முப்பத்தோரு வருசம் பனியன் கம்பெனியில செக்கிங்ல இருந்தவன் நானு. ஒரு நாளைக்கு ஆயிரம் பீஸ் கையில புரளும். முன்னால பாத்து, பின்னால பாத்து, உள்ள திருப்பிப் பாத்து, ஓட்டையா, கறையா, தையல் விட்டுதா, எதுவா இருந்தாலும் ஒரு துளி ஸ்டிக்கரு ஒட்டி தனியா அக்கட்டால வீசோணும். நல்ல பீஸப் பாத்து நல்லாருக்குதுன்னு அங்க ஆரும் சொல்றதில்லீங்க. நல்லாருந்தா அது பேசாம பொட்டிக்குள்ள போயிரும். பழுது இருந்தாத்தான் பேச்சே. சென்னியப்பன் பாத்து அனுப்புன பொட்டி ஒண்ணு கூடத் திரும்பி வந்ததில்லைன்னு மொதலாளியே பத்துப் பேருக்கு முன்னால சொல்லுவாரு. சென்னியப்பன்ங்கறது நாந்தானுங்க.

என்னங்க கேட்டீங்க? வண்டி புதுசுங்களாவா? பாத்தீங்களா, எல்லாரும் அப்பிடித்தான் கேப்பாங்க. பதனோரு வருச வண்டிங்க இது. பழசு. நான் எடுத்து ஏழு மாசம் ஆவுது. சத்தம் ஏதாச்சும் கேக்குதுங்களா? கேக்காதுங்க. நீங்களும் வாங்கறதுக்கு ஒண்ணு பாத்துட்டு இருக்கீங்களா? அப்பச் செரி, கேட்டுக்குங்க, அவினாசி போறதுக்குள்ள சொல்லிப்போடறேன். பழைய சின்ன வண்டி எப்படிப் பாத்து எடுக்கறதுன்னு இந்தத் திருப்பூர் ஜில்லாவுல என்னய விட்டா ஆள் இல்லீங்க. பதினெட்டு வண்டி பாத்திருக்கேன். பதினெட்டாவது இது.

போன சித்தரையில வேலைய விட்டு நின்னேன். கம்பெனியில கொஞ்சம் பணம் கொடுத்தாங்க. எம்பட ஊட்டுக்காரி, துளசிமணின்னு பேரு, அவளுக்கு முட்டி வலி. வாரத்துல ரெண்டு நாளு முட்டிக்குக் கரண்டு வெக்கறதுக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோணும். அப்பறம் ரேசன் கடை, உழவர் சந்தை, சிலிண்டரு, நோம்பி வந்தா கோயில், எல்லாத்துக்கும் மொபெட்டுதான். அவ பின்னால ஒருக்களிச்சு உக்காந்துட்டு, மடியில ஒரு பை, கையில ஒரு பை. அப்பத்தான் ஒரு நாள் சோறு போட்டுட்டே கேட்டா. அவ எதையும் கேக்கறவ இல்லீங்க, முப்பத்தாறு வருசத்துல மூணோ நாலோ கேட்டிருப்பா.

"சின்னதா ஒரு வண்டி எடுத்துக்கலாங்க. மொபெட்டுல நான் பேசறது உங்களுக்குக் கேக்கறதே இல்ல. நீங்க என்னன்னு கேக்கறதுக்குள்ள எனக்கு மறந்துபோவுது"ன்னா.

செரின்னேன். உடனே செரின்னேங்க. ஆனா எடுக்கறது எடுக்கறோம், பழுதில்லாம எடுக்கோணுமல்லொ? புது வண்டிக்கு நம்மகிட்டக் காசு இல்ல. பழைய வண்டியில நூறு வில்லங்கம். அதான் ஞாயித்துக்கெழமயானா ரெண்டு பேரும் கெளம்பிருவோம். பேப்பர்ல பாக்கறது, போன்ல பாக்கறது, ஆராச்சும் சொல்றது, ஒண்ணும் விடறதில்ல. பல்லடம், உடுமலை, தாராபுரம், வெள்ளக்கோயில், எல்லாப் பக்கமும் மொபெட்டுல போயிப் பாத்தோம். 

ஒண்ணு சொல்றேன், மனசுல வெச்சுக்குங்க. வண்டி பாக்கப் போறப்ப சொன்ன நேரத்துக்குப் போவக் கூடாதுங்க. பத்து மணின்னா ஒம்பதுக்கே போயி நிக்கோணும். போனதும் மொதல்ல பானட்டு மேல உள்ளங்கைய வெச்சுப் பாக்கோணும். சூடா இருந்துதுன்னா நமக்கு முன்னாலயே ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்கான்னு அர்த்தம், காலையில ஆறிக் கெடக்கறப்ப எடுத்தா மக்கர் பண்ற வண்டி அது. அப்பறம் சீட்டு பெல்ட்டக் கடைசி வரைக்கும் இழுங்க, அடியில ஒரு துண்டு லேபிள் இருக்கும், அதுல வருசம் போட்டிருக்கும். வண்டி வருசமும் அதுவும் ஒண்ணா இருக்கோணும். கண்ணாடி மூலையிலயும் நம்பரு இருக்கும், ஒரு கண்ணாடி மட்டும் மாறி இருந்தா அந்தப் பக்கம் அடி வாங்கியிருக்குது. நான் பாக்கெட்டுல ஒரு காந்தம் வெச்சுட்டுப் போவேங்க. கதவுல ஒட்டுனா ஒட்டோணும். ஒட்டாம நழுவுச்சுன்னா உள்ள தகரம் இல்ல, அடி வாங்குன பள்ளத்துல பட்டி போட்டுத் தேச்சிருக்கான். காலுக்குக் கீழ கெடக்கற மேட்டத் தூக்கி மோந்து பாக்கோணும், தண்ணியில கெடந்த வண்டின்னா வாசம் காட்டிக் கொடுத்துரும். எத்தன பேருக்குத் தெரியுங்க இதெல்லாம்?

துளசிமணிக்கு அந்த ஞாயித்துக்கெழமைக நெம்பப் புடிச்சுப் போச்சு. நல்ல சீலை ஒண்ணக் கட்டிக்குவா. போற ஊட்டுல எல்லாம் காபியோ மோரோ கொடுப்பாங்க, அஞ்சு நிமிசத்துல அந்த ஊட்டுப் பொம்பளைகளோட அடுப்படிக்கே போயிருவா. நான் கீழ படுத்து சைலன்சரப் பாத்துட்டு இருப்பேன், உள்ள இவ பேசற சத்தம் கேக்கும். அப்பறம் வந்து, எந்த வண்டியா இருந்தாலும், முன் சீட்டுல ஏறி உக்காந்து பெல்ட்டுப் போட்டுக்குவா. போட்டுட்டுக் கண்ணாடி வழியா ரோட்டப் பாத்துட்டே உக்காந்திருப்பா, நிக்கற வண்டியில. நான் முடிச்சுட்டு வந்து, டயரு போச்சு, எறங்கும்பேன். எறங்குவா. அடுத்த வாரம் கிளச்சு சரியில்ல, எறங்கும்பேன். எறங்குவா. ஒரு நாளும் மூஞ்சியத் தூக்குனதில்லீங்க.

பல்லடத்துல ஒரு ஊடு. கோழிப்பண்ணையில கணக்குப் பாக்கற பையன், அவன் அப்பா அம்மா பொண்டாட்டி எல்லாரும் வாசல்ல வந்து நின்னுட்டாங்க. எங்களுக்குன்னு கேசரி பண்ணி வெச்சிருந்தாங்க. அவனோட மொத வண்டியாம், கொழந்த பொறந்ததும் எடுத்ததாம். நான் காந்தத்த வெச்சேன், வலது பக்கக் கதவுல நழுவி விழுந்துது. அடி பட்ட வண்டிய ஏன் அடி படாததுன்னு சொன்னீங்கன்னு கேட்டேன். பையன் மூஞ்சி செத்துப்போச்சு. அவன் அப்பாவுக்கே அது தெரியாதாட்ட இருக்குது, மகனத் திரும்பிப் பாத்தாரு. எனக்கென்னங்க, இருக்கறதத்தான சொன்னேன்? வர்ற வழியில மொபெட்டுல பின்னாலருந்து இவ ஏதோ சொன்னா. காத்துல கேக்கல. என்னன்னு கேட்டேன். ஒண்ணுமில்லீங்கன்னுட்டா.

உடுமலையில ஒண்ணு, செவப்பு வண்டி. எல்லாம் செரி. டயரு செரி, இஞ்சினு செரி, வெலையும் செரி. ஆனா நம்பரக் கூட்டுனா எட்டு வருது. வேண்டாம்னு சொல்லிப்போட்டேன். அதுக்கு இவ என்ன சொன்னா தெரியுங்களா, உள்ள உக்காந்துட்டா நம்பரு நமக்குத் தெரியாதல்லங்கன்னா. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. பொம்பளைகளுக்கு விசயம் தெரியாதுங்க, என்ன பண்றது.

அப்பறம் ஆடி பொறந்துது. ஆடி நாலாம் தேதி காங்கேயத்துல இந்த வண்டியப் பாத்தோம். ஒரு டீச்சரம்மா. ஒத்தைக் கட்டை. கண்ணு மங்கிப்போச்சு, இனி ஓட்டக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாராம். பள்ளிக்கூடத்துக்குப் போறது வர்றது தவிர வேற ஓட்டமே இல்ல. பானட்டுல கை வெச்சேன், பச்சத் தண்ணியாட்ட இருந்துது. காந்தம் எல்லாப் பக்கமும் ஒட்டுது. லேபிள், கண்ணாடி, மேட்டு, எல்லாம் செரி. ரெண்டு மணி நேரம் பாத்தேங்க. பழுதே இல்ல. எனக்குக் கோவமே வந்துருச்சுன்னா பாத்துக்குங்க. கடைசியில பின் பம்பருக்கு அடியில வெரல் நீளத்துக்கு ஒரு கீறல் கண்டுபிடிச்சேன், அப்பறந்தான் மனசு சமாதானமாச்சு.

இவ அதுக்குள்ள முன்னால ஏறி உக்காந்து பெல்ட்டும் போட்டுட்டா. நான் கிட்டப் போனதும், எறங்கோணுங்களான்னு கேட்டா. வேண்டாம், உக்காருன்னேன். அவ மூஞ்சியில அன்னைக்கு வந்த சிரிப்ப நான் அதுக்கு முந்திப் பாத்ததில்லீங்க.

இங்கதான் என்ற மூளையப் பாருங்க. ஆடியில ஆரும் வண்டி எடுக்க மாட்டாங்க. எடுக்கக் கூடாது. அப்ப விக்கறவங்க பாடு என்ன? ஆள் வராது, வெலை எறங்கும். அதனால ஆடியில வெலை பேசி, ஒரு தொகையக் கையில கொடுத்துட்டு, ஆவணி பொறந்ததும் வண்டிய எடுத்துக்கறது. வெலைக்கு வெலையும் ஆச்சு, நாளுக்கு நாளும் ஆச்சு. நாப்பதாயிரம் கொறஞ்சுதுங்க. டீச்சரம்மா ஒரு பேச்சும் பேசாம ஒத்துக்கிச்சு. அதுக்கு அப்பறம் சாவிய எடுத்து துளசிமணி கையில கொடுக்குது. "உங்களுக்குக் கால் வலிக்குது, எதுக்கு மொபெட்டுல போறீங்க? இன்னைக்கே எடுத்துட்டுப் போயிருங்க, பேரு மாத்தறத ஆவணியில வெச்சுக்கலாம்"னுது.

இவ சாவியக் கையில வெச்சுட்டு என்னயப் பாத்தா. நான் முடியாதுன்னுட்டேன். ஆடியில ஒரு வண்டிய ஊட்டு வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தறதா? பதினெட்டு வண்டி பாத்துத் தேடிப் புடிச்சதுல அந்த ஒரு பழுது இருக்கலாங்களா? சாவியத் திருப்பிக் கொடுத்துட்டு வந்துட்டோம். வழியில அவ ஏதாச்சும் பேசியிருந்தாலும் காத்துல கேட்டிருக்காது.

அந்த மாசம் வாரத்துக்கு ரெண்டு தரம் நான் மட்டும் காங்கேயம் போயி, வண்டிய ஸ்டார்ட் பண்ணிப் பாத்துட்டு, தொடச்சு வெச்சுட்டு வருவேன். இவளக் கரண்டு வெக்கறதுக்கு மொபெட்டுலயே கூட்டிட்டுப் போனேன். ஆடி இருவத்தி மூணு. ரேசன் கடையிலருந்து வர்றோம். மடியில அரிசி. நான் முப்பதுலதானுங்க போனேன், ஒரு கிலோமீட்டரு எச்சாப் போவுல. ஆரு போட்டானோ, வெள்ளைக் கோடு கூட இல்லாம ஒரு ஸ்பீட் பிரேக்கரு. ஏறி எறங்குனதும் பின்னால லேசாப் போச்சு. திரும்பிப் பாக்கறேன், ரோட்டுல கெடக்கறா. சுத்தியும் அரிசி.

இடுப்பெலும்பு முறிஞ்சுபோச்சுங்க. ஆட்டோவுல தூக்கிப் போட்டுட்டுப் போறோம், அவ தல என்ற மடியில இருக்குது. அழுவுல. கண்ண மூடிட்டு இருந்தவ மெதுவாக் கேட்டா. "ஆடி இன்னும் எத்தன நாளுங்க இருக்குது?"

எட்டே நாளு, பொறுத்துக்க, வண்டி வந்துரும்னேன். அந்த வலியிலயும் வண்டி நெனப்புதான் பாருங்க அவளுக்கு.

மக வினோதினி கோயமுத்தூர்ல இருக்கறா, சரவணம்பட்டிப் பக்கம், மாப்ளைக்கு கம்ப்யூட்டர் கம்பெனியில வேல. வந்து அங்கயே கூட்டிட்டுப் போயி ஆப்பரேசன் பண்ணி, அவிய ஊட்டுலயே வெச்சுக்கிட்டா. ஆவணி ரெண்டாம் தேதி நல்ல நேரம் பாத்து, பூசை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு எடுத்து, காங்கேயத்துலருந்து நேரா சரவணம்பட்டிக்குத்தான் போனேன். அவளால எறங்கி வர முடியல. அஞ்சாவது மாடி. பால்கனியில சேரப் போட்டு உக்கார வெச்சு, மேலருந்து பாத்தா. நான் கீழ நின்னு ஆரன் அடிச்சேன். நல்லாருக்குதுங்கன்னு கைய ஆட்டுனா. எனக்கு அத்தன சந்தோசம்.

அன்னைலருந்து வாராவாரம் போறேன். ஏழு மாசம். தொடக்கத்துல கோலு வெச்சு நடந்தா, அப்பறம் கோலு இல்லாம நடந்தா. இப்ப நல்லா நடக்கறா, சாயந்தரம் அந்த அபார்ட்மெண்ட சுத்தி அஞ்சு ரவுண்டு நடக்கறா, கூட நாலு பொம்பளைக. ஊட்டுக்குப் போலாமான்னு கேட்டா, தீவாளி முடியட்டுங்கன்னா. முடிஞ்சுது. பேத்திக்குப் பரிச்சை இருக்குதுங்கன்னா. பொங்கல் முடியட்டும்னா. நான் ஒண்ணும் கட்டாயப்படுத்துலீங்க. அங்க சமையல்ல உப்பு தூக்கல், மாப்ள செருப்ப ஊட்டுக்குள்ளயே போட்டுட்டு நடக்கறாரு, பேத்தி கையெழுத்து கோழி கீறுனாப்ல இருக்குது, இதெல்லாம் நான்தான் சொல்லுவேன். அவ கண்டுக்கறதே இல்ல. போன மாசம் லிப்டுலருந்து வெளிய வர்றேன், ஊட்டுக்குள்ள அவ சிரிக்கற சத்தம் கேக்குது. அந்த மாதிரி சத்தமாச் சிரிக்கறது எனக்குப் புதுசு. நான் உள்ள போனதும் சிரிப்பு நின்னுபோச்சு. என்ன சமாச்சாரம்னு கேட்டேன். ஒண்ணுமில்லீங்கன்னுட்டா.

ஒரு நாளு மகதான் கேட்டா, அம்மா ஏன் வரமாட்டேங்கறாங்கன்னு உங்களுக்குத் தெரியாதாப்பான்னு. கேளு, நீயே கேட்டுச் சொல்லுன்னேன். கேட்டிருப்பா போல. அடுத்த வாரம், "இங்க என்னைய ஆரும் திருப்பித் திருப்பிப் பாக்கறதில்ல கண்ணு"ன்னு அம்மா சொன்னாங்கன்னா. எனக்கு ஒண்ணும் புரியுலீங்க. நான் எப்பத் திருப்பித் திருப்பிப் பாத்தேன்? காலையில எட்டுக்குப் போனா பொழுதோட எட்டுக்கு வர்றவன். நின்னு அவ மூஞ்சிய நேராப் பாத்ததே கெடையாதுங்க.

தெக்கலூர் தாண்டிட்டோம். சீட்டப் பின்னால சாச்சுக்குங்க, அந்தப் பக்கம் ஒரு கைப்புடி இருக்குது பாருங்க. 

எனக்கு இந்த வண்டிக்கு வேலையே இல்லீங்க தம்பி, நெசத்தச் சொன்னா. ஒத்த ஆளுக்கு ரேசன் வாங்க காரு எதுக்கு? மொபெட்டுலயே போயிட்டு வந்துருவேன். சோறு மெஸ்சுல. ஊட்டுல டீவிய சத்தமா வெச்சுக்குவேன், ஆனா பாக்கறதில்ல. பொழுதோட காப்பியப் போட்டுட்டு வந்து, வாசல்ல நிக்கற இந்த வண்டிக்குள்ள உக்காந்துதான் குடிப்பேன். கண்ணாடிய ஏத்திட்டா வெளிச் சத்தம் ஒண்ணும் வராது. இதுக்குள்ள ரெண்டு பேரு பேசுனா எப்படிக் கேக்கும்னு நெனச்சுப் பாப்பேன். பைத்தியக்காரத்தனந்தான். ஆனா ஏழு மாசம் ஒரு ஊட்டுல ஒத்தையா இருந்து பாத்தீங்கன்னா உங்களுக்கும் தெரியும். ஆகறதே இல்லீங்க. சில நாளு மொபெட்ட எடுத்துட்டு வேலையில்லாம கம்பெனி வாசல் வரைக்கும் போயிட்டு வாரேன்.

ஆனா இன்னைக்குப் பாருங்க, ஒரு நல்ல சமாச்சாரம். அதத்தான் ஏறுனதுலருந்து சொல்லோணும்னு இருந்தேன். இன்னைக்கு அவ வர்றேன்னுட்டா.

நான் ஒண்ணுமே கேக்குல. மத்தியானம் சாப்பிட்டு, சித்த நேரம் படுத்து எந்திரிச்சு, செரி கெளம்பறேன்னு கீழ வந்து வண்டியத் தொடச்சுட்டு இருக்கேன். லிப்டு தெறக்குது. துளசிமணி நிக்கறா. அந்த ஞாயித்துக்கெழமைகள்ல கட்டுவாளே, அந்த நல்ல சீலை. கையில துணிப்பை ஒண்ணு, பெருசு, மாத்தரை டப்பா மொதக்கொண்டு உள்ள இருக்குது. பின்னாலயே மக ஓடி வர்றா, அவளுக்கே தெரியாது. இவ பையப் பின் சீட்டுல வெச்சா. முன்னால ஏறுனா. பெல்ட்டப் போட்டா. நேரா ரோட்டப் பாத்துட்டு, "போலாங்க. பேசிட்டே போலாம்"னா.

சந்தோசத்துல சாவிய ரெண்டு தரம் கீழ போட்டுட்டேன். இந்த ஸ்டேரிங்குக்கு முன்னால உக்காந்து, சாவியப் போட்டுத் திருப்பியும் போட்டேன். அப்பத்தான் ஞாபகம் வந்துது. இன்னைக்கு அஷ்டமி.

நீங்களே சொல்லுங்க. ஏழு மாசம் கழிச்சு ஊட்டுப் பொம்பள ஊட்டுக்குள்ள காலெடுத்து வெக்கறா. இடுப்பு முறிஞ்சு பொழச்சு வந்தவ. அத அஷ்டமியில பண்ணலாங்களா? ஆடியில நான் எத்தன பாத்துப் பாத்தும் அப்படி ஆச்சு. தெரிஞ்சே ஒரு பழுத உள்ள விடறதா? நாளைக்கு நவமி, அதுவும் ஆகாது. வெள்ளிக்கெழம வளர்பிற, திரயோதசி, முகூர்த்த நாளு. அஞ்சே நாளு. நான் நல்ல விதமாத்தான் சொன்னேங்க, கோவமா ஒண்ணும் சொல்லல. துளசி, இன்னைக்கு நாளு செரியில்ல, வெள்ளிக்கெழம காலையில வந்து கூட்டிட்டுப் போறேன்னேன்.

அவ பெல்ட்ட இழுத்துச் செரி பண்ணிக்கிட்டா. அப்பறம் சொன்னா. "நாளுல பழுது இருந்தா இருந்துட்டுப் போவுதுங்க. நான் கெளம்பி வந்துட்டேன்."

கெளம்பறதுக்கும் ஒரு நேரங்காலம் இருக்குதல்லொன்னேன்.

என்னயத் திரும்பிப் பாத்தா. எறங்கோணுங்களான்னு கேட்டா. ஆமான்னேன். பெல்ட்டக் கழட்டுனா. நானே எறங்கி ஓடிப்போயி அந்தப் பக்கத்துக் கதவத் தெறந்து விட்டேன், அவளுக்கு இடுப்பு வலிக்கக் கூடாதுன்னு. அந்தப் பையக் கூட அவளத் தூக்க விடலீங்க. நானே அஞ்சாவது மாடி வரைக்கும் தூக்கிட்டுப் போயி ஊட்டுக்குள்ள வெச்சுட்டு வந்தேன். மக என்னயப் பாத்த பார்வை இருக்குதே, ஏதோ நான் கொல பண்ணுன மாதிரி. இந்தக் காலத்துப் புள்ளைகளுக்கு அஷ்டமி நவமி ஒண்ணும் தெரியறதில்ல.

என்னங்க சொல்றீங்க? இப்பயே வண்டியத் திருப்பிட்டு அவகிட்டப் போறதா? தம்பி, நல்லாத்தான் கேக்கறீங்க. அஷ்டமி இன்னும் முடியலீங்க. முடிஞ்சாலும் நவமி. அதுவுமில்லாம உங்கள நடுரோட்டுல எறக்கி விட்டுட்டா போறது? நீங்க ஆட்டோவுல போயிக்குவீங்க, அது செரி. பெட்ரோலும் இருக்குது, இல்லைங்கல. பாலத்துக்கு அடியில திரும்பிக்கலாம், அதுவும் செரிதான். அதுக்கில்லீங்க.

அவினாசி வந்துருச்சு. இங்கயே ஓரமா நிறுத்தறேன். இருங்க, ஒண்ணு கேக்கறேன், சொல்லிட்டுப் போங்க.

வர்றப்ப சின்னியம்பாளையத்துல டீக்கு நிறுத்துனேன். வெள்ளிக்கெழம ஒம்பதரைக்குள்ள கெளம்போணும்னு சொல்றதுக்கு மகளுக்குப் போன் பண்ணேன். அம்மாகிட்டக் கொடுன்னேன். அம்மா பேசுலீங்களாம். அந்தப் பைய அப்பவே பிரிச்சு, துணியெல்லாம் எடுத்து மறுபடியும் பீரோவுல அடுக்கிட்டாளாம். மாத்தரை டப்பாவ சாமி அலமாரிக்குப் பக்கத்துலயே வெச்சுட்டாளாம். பைய மடிச்சுக் கொடுத்து, இது இனி வேண்டாம், மேல பரண்ல போட்டுருங்கன்னு மாப்ளகிட்டச் சொல்லிட்டாளாம். அவரு ஏணி வெச்சு ஏறிப் போட்டுட்டாராம். மக சொல்றா, சொல்றப்பவே அழுவறா. எதுக்கு அழுவறான்னு எனக்குப் புரியுல.

பரண்ல போட்டா என்னங்க? ஏணி வெச்சுப் போட்டத ஏணி வெச்சு எடுத்தா ஆச்சு. வெள்ளிக்கெழம எடுத்துக்கலாமல்ல? 

ஏனுங்க தம்பி, எடுத்துக்கலாமல்ல?

ஏதாச்சும் சொல்லுங்க. கதவத் தெறக்காதீங்க, சித்த நேரம் உக்காந்துட்டுப் போங்க.